இரண்டே நாளில் திரும்பி வந்தது கொழுப்பு அல்ல

கேள்வி: எனக்கு வயது 41. உயரம் 158 செ.மீ., எடை 64 கிலோ. சர்க்கரை நோய் இல்லை. மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. மாவுச்சத்தை அறவே நிறுத்தினால் கொழுப்பு கரையும் என்று தோழி சொன்னதைக் கேட்டு ஆறு நாட்கள் அப்படியே இருந்தேன். எடை 60.9 கிலோவுக்கு இறங்கியது. அடுத்த இரண்டு நாட்கள் உறவினர் வீட்டு விசேஷம். எல்லோரையும் போலச் சாப்பிட்டேன். ஒன்பதாம் நாள் காலையில் எடை 63.2. கருவியின் மேல் நின்றபடியே அழுதுவிட்டேன். ஆறு நாள் கரைத்த கொழுப்பு இரண்டே நாளில் எப்படித் திரும்பியது? சாப்பிட்ட இனிப்பெல்லாம் நேராகக் கொழுப்பாகிவிடுமா? கரையும் கொழுப்பு எங்கேதான் போகிறது? வியர்ப்பதற்காக இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு நடக்கிறேன், பயன் உண்டா? அந்த ஆறு நாளும் மாடிப்படி ஏறினால் கால் கனத்தது, வாயில் ஏதோ ஒரு வாடை அடித்தது. என் அம்மாவுக்கு 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அவரையும் இந்த முறைக்கு மாற்றலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் சாப்பாட்டில் இப்போது கை வைக்காதீர்கள். காரணத்தைப் பிறகு விளக்குகிறேன். இந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு நீங்கள் எழுந்து போனாலும் எனக்குச் சம்மதம்தான்.

இனி உங்கள் எடைக்கு வருவோம். கருவியின் மேல் நின்று அழுதேன் என்ற வரியைப் படித்ததும் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். உடலில் ஒரு கிலோ கொழுப்புத் திசு கூட வேண்டுமானால், அன்றாடச் செலவு போக ஏறத்தாழ 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். உங்களுக்குத் திரும்பி வந்த 2.3 கிலோவும் கொழுப்பு என்றால் 17,700 கலோரி மிஞ்சியிருக்க வேண்டும். சுத்தமான எண்ணெயில் கிராமுக்கு 9 கலோரி. ஆக, அந்த இரண்டு நாளுக்கும் உடலுக்குத் தேவையான சாப்பாடு போக, அதற்கு மேல் 2 லிட்டர் எண்ணெயை நீங்கள் குடித்திருந்தால்தான் அந்தக் கணக்கு நேராகும். எந்த விசேஷ வீட்டிலும், எவ்வளவு வற்புறுத்திப் பரிமாறினாலும், அது நடக்காது. வந்து சேர்ந்ததில் பெரும்பகுதி தண்ணீர். ஆறு நாளில் போனதிலும் பெரும்பகுதி தண்ணீர்தான்.

உடல் தன் எரிபொருளை இரண்டு இடங்களில் சேர்த்து வைக்கிறது. மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியையும் ஊருக்கு வெளியே கிடக்கும் ஏரியையும் நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி சிறியது, குழாயைத் திறந்த நொடியில் கொட்டும், நாள்தோறும் காலியாகும், நாள்தோறும் நிரம்பும். ஏரி பெரியது, நீர்மட்டம் ஒரு விரற்கடை இறங்கவே நாட்கள் பிடிக்கும். மாவுச்சத்தின் சேமிப்பான கிளைகோஜன் அந்தத் தொட்டி. கொழுப்பு அந்த ஏரி. ஆறு நாளில் நீங்கள் வற்றவைத்தது தொட்டியை. இரண்டு நாளில் நிரம்பியதும் அதுவே. ஏரியிலும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அதைப் பிறகு காட்டுகிறேன்.

தொட்டி ஏன் வேண்டும் என்பதை உங்கள் ரத்தத்திலிருந்தே தொடங்கலாம். உடல் முழுதும் ஓடும் ரத்தத்தில் கரைந்திருக்கும் குளுக்கோஸ் மொத்தமே 4 கிராம் அளவுதான். ஒரு சிறு தேக்கரண்டிச் சர்க்கரை. மூளை மட்டுமே நாளொன்றுக்கு 120 கிராம் குளுக்கோஸ் கேட்கிறது, அதாவது மணிக்கு 5 கிராம். இந்தக் கணக்குப்படி, இரவு சாப்பிட்டது செரித்து முடிந்தபின் தூங்குகிறவர் ஒரு மணி நேரத்துக்குள் மயங்கிவிட வேண்டும். அப்படி ஆகாமல் எல்லோரும் காலையில் கண் விழிப்பது கல்லீரலின் புண்ணியத்தில்.

நன்றாகச் சாப்பிட்ட நிலையில் கல்லீரல் 100 கிராம் வரை கிளைகோஜனை வைத்திருக்கும். குளுக்கோஸை ஆயிரக்கணக்கில் கோத்து, கிளை கிளையாகப் பிரித்து, உருண்டையாகக் கட்டிய பொருள் அது. கிளைகள் மிகுதி என்பதால் நுனிகளும் மிகுதி. எல்லா நுனிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் குளுக்கோஸைக் கழற்றி ரத்தத்தில் விடலாம். அவசரத்துக்கென்றே அமைந்த வடிவம்.

இதைக் கண்டுபிடித்தவர் பிரெஞ்சு உடலியல் அறிஞர் குளோட் பெர்னார். 1855ல் அவர் ஒரு விலங்கின் கல்லீரலைத் தனியே எடுத்து, அதன் ரத்தக்குழாய் வழியாகத் தண்ணீரைச் செலுத்திக் கழுவினார். வெளியே வரும் நீரில் சர்க்கரையின் சுவடே இல்லாமல் போகும்வரை கழுவினார். பிறகு அப்படியே வைத்துவிட்டார். மறுநாள் சோதித்தால் அதே கல்லீரலில் மீண்டும் சர்க்கரை! ரத்தம் வடிந்துபோன, உணவு எதுவும் வந்து சேராத ஓர் உறுப்பு, தனக்குள் இருந்த ஏதோ ஒன்றிலிருந்து இரவோடு இரவாகச் சர்க்கரையை உண்டாக்கியிருந்தது. 1857ல் அந்த ஏதோ ஒன்றைப் பிரித்தெடுத்து, சர்க்கரையைப் பிறப்பிப்பது என்ற பொருளில் கிளைகோஜன் என்று பெயர் வைத்தார். இத்தனை ஆண்டுகள் நோயாளிகளைப் பார்த்த பிறகும் இந்தச் சோதனையை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கல்லீரலைப் போல மூன்று, நான்கு மடங்கு கிளைகோஜன் தசைகளில் இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. கல்லீரல் தொட்டி தெருவுக்கே பொதுக்குழாய். தசைத் தொட்டியின் குழாயோ வீட்டுக்குள் மட்டும்தான் திறக்கும். கிளைகோஜனிலிருந்து பிரிந்த குளுக்கோஸோடு ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கழற்றினால்தான் குளுக்கோஸ் செல்லைவிட்டு வெளியே வர முடியும். கழற்றும் நொதி கல்லீரலில் உண்டு, தசையில் இல்லை. தொடையில் எவ்வளவு சேமித்திருந்தாலும், மூளை பட்டினி கிடக்கும்போது தொடையால் ஒரு கிராம் குளுக்கோஸைக்கூட நேராக அனுப்ப முடியாது.

அந்த நொதி கல்லீரலிலும் இல்லாமல் சில குழந்தைகள் பிறக்கிறார்கள். கிளைகோஜன் ஆய்வுக்காகத் தம் கணவரோடு 1947ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கெர்ட்டி கோரிதான், அந்நோயின் வேர் இந்த நொதிக் குறைவு என்று 1952ல் காட்டினார். அக்குழந்தைகளின் கல்லீரலில் கிளைகோஜன் வழிந்து வயிறு புடைத்திருக்கும். ஆனால் சாப்பிட்டுச் சில மணி நேரம் கடந்தால் ரத்தத்தில் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விடும். அவர்களின் பெற்றோர் இரவில் அலாரம் வைத்து எழுந்து, மெல்ல மெல்லச் செரிக்கும் வேகவைக்காத சோள மாவைத் தண்ணீரில் கரைத்து ஊட்டுகிறார்கள். ஒரு நாள் தூங்கிவிட்டால் ஆபத்து. மாவுச்சத்தே எதிரி என்று யாராவது என் முன்னால் சொன்னால் எனக்கு அந்தப் பெற்றோர்தாம் நினைவுக்கு வருகிறார்கள்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. உங்கள் உடல்வாகுக்கு எல்லாத் தொட்டிகளும் நிரம்பியிருக்கும்போது 400 கிராம் கிளைகோஜன் என்று வைத்துக்கொள்வோம். அதனுடன் 1.2 கிலோ தண்ணீர். இரண்டும் சேர்ந்து 1.6 கிலோ. அத்தனை கனத்தில் அடங்கியிருக்கும் ஆற்றலோ வெறும் 1,600 கலோரி. ஒரு நாள் செலவுக்கே போதாது.

கொழுப்பைப் பாருங்கள். உங்கள் வயதும் எடையும் உள்ள பெண்ணின் உடலில் 20 கிலோ கொழுப்பு இருப்பது அசாதாரணம் இல்லை. கிராமுக்கு 9 கலோரி வீதம் 1,80,000 கலோரி. நாளுக்கு 1,800 என்று செலவழித்தால் 100 நாளுக்கு வரும். கொழுப்பு தண்ணீரோடு ஒட்டாது. அதனால் தண்ணீர்ச் சுமை இல்லாமல் நெருக்கி அடுக்கிவிடலாம். இதே ஆற்றலைக் கிளைகோஜனாக வைத்திருக்க வேண்டுமானால் 45 கிலோ கிளைகோஜனும் அதனோடு 135 கிலோ தண்ணீரும் வேண்டும். உங்கள் எடை 64க்குப் பதில் 224 கிலோ ஆகியிருக்கும். மாடிப்படி ஏறுவதைப் பற்றிப் பேச்சே இருந்திருக்காது. தாவரங்களும் இதே கணக்கைப் போடுகின்றன. மண்ணுக்குள் நகராமல் கிடக்கும் கிழங்கு, கனத்தைப் பற்றிக் கவலைப்படாமல் மாவாகச் சேமிக்கிறது. காற்றிலும் பறவையின் வயிற்றிலும் பயணம் போக வேண்டிய விதைகளில் பல, எண்ணெயாகச் சேமிக்கின்றன. நெடுந்தூரம் பறக்கும் பறவைகளும் புறப்படுமுன் ஏற்றிக்கொள்வது கொழுப்பைத்தான்.

கொழுப்புச் செல்லை நுண்ணோக்கியில் பார்த்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். வழக்கமான முறையில் தயாரித்த கண்ணாடித் தகட்டில் வெறும் வலைதான் தெரியும். மெல்லிய கோடுகளும் நடுவே வெற்றிடமும். தகட்டைத் தயாரிக்கும் திரவங்களில் கொழுப்பு கரைந்துபோய்விடுவதால் அப்படி. ஒவ்வொரு வெற்றிடத்திலும் ஒரே ஒரு பெரிய எண்ணெய்த் துளி இருந்தது. அது செல்லின் உட்கருவையே ஓரத்துக்குத் தள்ளியிருக்கும். கல் பதித்த மோதிரத்தைப் பக்கவாட்டில் பார்ப்பது போல இருக்கும். நீங்கள் இளைக்கும்போது அந்தத் துளி சுருங்குகிறது, செல் சாவதில்லை. ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2008ல் இதைத் திட்டவட்டமாகக் காட்டினார்கள். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கதிரியக்கக் கார்பன் நம் செல்களிலும் ஏறியிருக்கிறது. அதை அளந்து கொழுப்புச் செல்களின் வயதைக் கணித்தார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதச் செல்கள் மாண்டு, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. வளர்ந்தவரின் உடலில் மொத்த எண்ணிக்கை அநேகமாக மாறுவதில்லை, பெரிதாக எடை குறைந்தவர்களிடமும்கூட.

கொழுப்பைக் குப்பை போலவும் அழுக்கு போலவும் காட்டும் விளம்பரங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். மிக அரிதாகச் சிலர் கொழுப்புத் திசு ஏறக்குறைய இல்லாமலே பிறக்கிறார்கள். ஒல்லியாக இருந்தும் அவர்களுக்குக் கடுமையான சர்க்கரை நோய் வருகிறது. தங்க இடமில்லாத கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் போய்ப் படிவதே காரணம். கொழுப்பைப் பத்திரமாக வைப்பதற்குரிய இடம் கொழுப்புச் செல்தான். தொல்லை தொடங்குவது அந்த இடம் நிரம்பி, வழிந்து, வயிற்று உறுப்புகளைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் சேரும்போது. அதனால்தான் எடையைவிட இடுப்புச் சுற்றளவைக் கவனியுங்கள் என்று மருத்துவர்கள் சொல்கிறோம்.

சரி, அந்த ஆறு நாட்களில் உங்கள் உடலுக்குள் என்ன நடந்தது?

முதல் நாளிலேயே கல்லீரல் தொட்டி வற்றத் தொடங்கியிருக்கும். தசைத் தொட்டிகளும் வழக்கம்போல நிரம்பவில்லை. கிளைகோஜன் கரையக் கரைய அது பிடித்து வைத்திருந்த தண்ணீர் விடுபட்டது. மாவுச்சத்து வராததால் இன்சுலின் குறைந்தது. இன்சுலின் குறைந்தால் சிறுநீரகம் உப்பை அதிகமாக வெளியே விடும், உப்போடு தண்ணீரும் போகும். முதல் இரண்டு மூன்று நாட்கள் அடிக்கடி சிறுநீர் கழித்திருப்பீர்கள், நினைத்துப் பாருங்கள். குடலில் இருக்கும் உணவின் கனமும் குறைந்திருக்கும். இவ்வளவும் சேர்ந்து எளிதாக இரண்டு கிலோவைத் தாண்டும்.

கால் கனத்ததற்குக் காரணம் தசைத் தொட்டி வற்றியதுதான். மெதுவாக நடக்கும்போது தசை பெரும்பாலும் கொழுப்பை எரிக்கிறது. படியேறுவது, ஓடுவது, பாரம் தூக்குவது போன்ற வேலைகளுக்குக் கொழுப்பு வந்து சேரும் வேகம் போதாது, கிளைகோஜன் வேண்டும். 1966ல் ஸ்வீடனைச் சேர்ந்த யோனாஸ் பெரிஸ்ட்ரோம், எரிக் ஹுல்ட்மன் என்ற இரண்டு மருத்துவர்கள் இதைத் தங்கள் உடலிலேயே சோதித்தார்கள். இருவரும் ஒரே உடற்பயிற்சி சைக்கிளின் இருபுறமும் நின்றுகொண்டு, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைத்துப்போகும்வரை மிதித்தார்கள். பிறகு ஊசியால் இரண்டு தொடைகளிலிருந்தும் தசையைத் துளியளவு எடுத்துப் பார்த்தார்கள். மிதித்த காலில் கிளைகோஜன் காலி. ஓய்ந்திருந்த காலில் அப்படியே இருந்தது. ஒரு காலின் சேமிப்பு இன்னொரு காலுக்குக்கூடப் போகவில்லை! அடுத்த மூன்று நாட்கள் மாவுச்சத்து மிகுந்த உணவு சாப்பிட்டார்கள். மிதித்த கால், முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்கு சேர்த்துக்கொண்டது. உடற்பயிற்சி செய்கிறவர்களிடம் நான் அடிக்கடி சொல்லும் சோதனை இது. வேலை செய்யும் தசைதான் மாவுச்சத்தை ஆவலோடு வாங்கி வைத்துக்கொள்ளும்.

வாயில் அடித்த வாடைக்கும் காரணம் இருக்கிறது. கொழுப்பு அமிலங்களை மூளை எரிபொருளாகப் பயன்படுத்துவதில்லை என்றே சொல்லலாம். கொழுப்பு அமிலத்தைக் குளுக்கோஸாக மாற்றும் வழியும் மனித உடலில் இல்லை. கொழுப்பின் சிறு பகுதியான கிளிசரால் மட்டுமே குளுக்கோஸாக முடியும். அதனால் தொட்டி வற்றியதும் கல்லீரல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, புரதத்தை உடைத்துக் குளுக்கோஸ் செய்கிறது. முழுப் பட்டினியின் முதல் நாட்களில் ஒருவர் நாளுக்கு 75 கிராம் அளவுக்குத் தசைப் புரதத்தை இழக்கக்கூடும். இப்படியே போனால் சில வாரங்களில் மூச்சு விடும் தசைகூட மிஞ்சாது. ஆகவே இரண்டாவது வேலை: கொழுப்பைக் கீட்டோன் என்ற பொருளாக மாற்றி மூளைக்கு அனுப்புகிறது. பல வாரம் நீளும் பட்டினியில் மூளைக்கு வேண்டிய ஆற்றலில் பாதிக்கு மேல் கீட்டோன்கள் தருகின்றன. அமெரிக்காவில் ஜார்ஜ் கேஹில் குழுவினர் 1967ல் இதைக் கண்டறிந்தார்கள். கீட்டோன்களில் ஒன்று அசிட்டோனாக மாறி மூச்சில் வெளியேறுகிறது. நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் வாடை அடித்திருந்தால் அதுதான் இது. உங்களுக்குச் சர்க்கரை நோய் இல்லாததால் அந்த ஆறு நாள் வாடையை எண்ணிப் பயப்பட வேண்டியதில்லை.

பிறகு விசேஷ வீட்டின் இரண்டு நாட்கள். வற்றிய தொட்டிகள் திறந்த வாயோடு காத்திருந்தன. நீங்கள் சாப்பிட்ட மாவுச்சத்தும் இனிப்பும் முதலில் அவற்றைத்தான் நிரப்பின. கூடவே தண்ணீர் வந்தது. இன்சுலின் ஏறியதால் சிறுநீரகம் உப்பைத் தக்கவைத்தது, அதற்கும் தண்ணீர் வந்தது. 2.3 கிலோ அப்படி ஏறியது.

இப்போது கணக்கின் மறுபாதியைப் பாருங்கள். 64லிருந்து 63.2. இன்னும் 800 கிராம் குறைந்தே இருக்கிறது. ஆறு நாளும் சாப்பாடு நாளுக்கு 700 கலோரி குறைந்திருந்தால் 4,200 கலோரி. அது அரைக் கிலோவைச் சற்றுத் தாண்டிய கொழுப்புத் திசு. அந்த 800 கிராமில் பெரும்பகுதி உண்மையான இழப்பாகவே இருக்கக்கூடும். நீங்கள் அழுத நாளில் ஏரியின் மட்டம் இறங்கித்தான் இருந்தது. 60.9ஐயே நினைத்துக்கொண்டிருந்ததால் அது உங்கள் கண்ணில் படவில்லை.

இனிப்பு நேராகக் கொழுப்பாகிவிடுமா என்ற கேள்விக்குச் சற்றுப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரு தரப்பிலும் பாதி உண்மை பேசுகிறார்கள். மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றும் திறன் கல்லீரலுக்கு உண்டு. ஆனால் அந்த மாற்றத்திலேயே ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வீணாகிறது. உடல் அதை ஆசையோடு செய்வதில்லை. 1988ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கெவின் ஆச்செசனும் சகாக்களும் மூன்று ஆண்களுக்குப் பல நாள் மாவுச்சத்தை அளவுக்கு மீறிக் கொடுத்துப் பார்த்தார்கள். கிளைகோஜன் சேமிப்பு 500 கிராம் வரை கூடிய பிறகுதான் உடல் நிகரமாகக் கொழுப்பை உண்டாக்கத் தொடங்கியது. ஒரு நாள் சாப்பிட்ட இனிப்பு மறுநாள் இடுப்பில் ஒட்டுவதில்லை.

அதற்காக இனிப்பு நிரபராதி என்றும் எண்ணிவிடாதீர்கள். மாவுச்சத்து நிறைய வரும்போது உடல் அதையே எரிக்கிறது. கொழுப்பை எரிப்பதை நிறுத்திவைக்கிறது. அன்று கூடவே சாப்பிட்ட எண்ணெயும் நெய்யும் எரிக்க ஆளில்லாமல் நேராகக் கொழுப்புச் செல்லுக்குப் போகின்றன. கொழுப்பைக் கொழுப்பாக வைப்பதற்கு உடலுக்குச் செலவும் அதிகம் இல்லை. ஏரியை நிரப்பும் வழிகளில் இது முக்கியமானது. மாதக்கணக்கில் அளவுக்கு மீறிச் சர்க்கரை சாப்பிடுகிறவர்களின் கல்லீரலோ கொழுப்பை உண்டாக்கவே பழகிவிடுகிறது. கல்லீரலில் கொழுப்புப் படிவதற்கு அதுவும் ஒரு காரணம். எந்தப் பக்கம் பார்த்தாலும் தீர்மானிப்பது வாரக்கணக்கான மிச்சம்தான். ஓர் இனிப்பும் ஒரு விசேஷமும் எதையும் தீர்மானிப்பதில்லை.

கரையும் கொழுப்பு எங்கே போகிறது என்று கேட்டீர்களே, அது அருமையான கேள்வி. மருத்துவர்களில் பலருக்கே சட்டென்று விடை வராது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் இருவரும் 2014ல் இதை அணு அணுவாகக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூக்கு வழியே போகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. உங்கள் கொழுப்பை நீங்கள் மூச்சாக வெளியே விடுகிறீர்கள்! வேகமாக மூச்சு விட்டால் இளைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செல்லுக்குள் எரிந்தால்தான் மூச்சில் வரும், எரிவதற்கு உடல் வேலை செய்ய வேண்டும். இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். அது பிழிவது வியர்வையை. ஒரு குவளை தண்ணீர் குடித்ததும் அந்த எடை திரும்பிவிடும். பட்டை கட்டிய இடத்துக் கொழுப்பு மட்டும் தனியே கரைவதும் கிடையாது.

நீங்கள் என்ன செய்யலாம்? மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுவது உங்களுக்கு வசதியாக இருந்தால் குறையுங்கள், அது ஒரு நல்ல வழிதான். அறவே நிறுத்தத் தேவையில்லை. நாளுக்கு 500 கலோரி அளவுக்குச் செலவைவிட வரவு குறைந்தால், தொடக்கத்தில் வாரத்துக்கு அரைக் கிலோவை ஒட்டிக் கொழுப்பு குறையும். அதற்கு மேல் வேகமாகக் குறைவதாகக் கருவி காட்டினால் அது தண்ணீர், அல்லது தசை. தசை போகாமல் இருக்க ஒவ்வொரு வேளையும் புரதம் சாப்பிடுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாட்களாவது தசைக்குப் பாரம் கொடுக்கும் பயிற்சி செய்யுங்கள். நடைப்பயிற்சியை விடாதீர்கள்.

தினமும் எடை பார்ப்பதாக இருந்தால், காலைக்கடன் முடித்து, சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில் பாருங்கள். எண்ணை எழுதி வையுங்கள். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் பல பெண்களுக்கு ஒன்றிரண்டு கிலோ தண்ணீர் சேரும், அதையும் குறித்து வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளவு நாடாவால் இடுப்பை அளந்து பாருங்கள். நான்கு வாரக் குறிப்போடு மீண்டும் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

இனி அம்மா. அவர் போட்டுக்கொள்ளும் இன்சுலின் அளவு, இப்போது அவர் சாப்பிடும் மாவுச்சத்துக்குப் பொருத்தமாக மருத்துவர் தீர்மானித்தது. சாப்பாட்டில் மாவுச்சத்தை நிறுத்திவிட்டு அதே இன்சுலினைப் போட்டால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும். உங்களுக்குச் சர்க்கரை குறைந்தால் இன்சுலின் தானாக அடங்கும், குளுக்ககான் என்ற ஹார்மோன் கல்லீரல் தொட்டியைத் திறந்துவிடும். ஊசியில் போட்ட இன்சுலினை உடலால் அடக்க முடியாது. அது அந்தத் தொட்டியின் குழாயை மூடியே வைத்திருக்கும். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ள சிலருக்கு வியர்வை, நடுக்கம், படபடப்பு போன்ற எச்சரிக்கைகளும் மங்கிவிடுகின்றன; பேச்சுக் குழறும்போதுதான் வீட்டாருக்கே தெரியும். பயந்துபோய் இன்சுலினை நிறுத்திவிடுவதும் ஆபத்து. கீட்டோன்கள் கட்டுமீறிப் பெருகி ரத்தம் அமிலமாகிவிடலாம். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் வகை மாத்திரையையும் அவர் சாப்பிட்டால், ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலே இது நேரக்கூடும். உங்களுக்கு வெறும் வாடையாக இருந்தது அவருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம்.

மாவுச்சத்தைக் குறைப்பது அம்மாவுக்கும் நன்மை தரலாம். அதை அவருடைய மருத்துவர்தான், மருந்தின் அளவையும் கூடவே மாற்றி, படிப்படியாகச் செய்ய வேண்டும். ஒரு வாரத்து ரத்தச் சர்க்கரை அளவுகளையும் மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அவரோடு போங்கள்.

இன்னொன்று. மகள் இளைத்ததைப் பார்த்து, சொல்லாமலே தாமும் தொடங்கிவிடும் தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். இன்றே அம்மாவிடம் கேளுங்கள். அவர் ஏற்கெனவே குறைத்திருந்தால் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸையோ சர்க்கரையையோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நேராக மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.